இருபத்துநாலும் அவர் பேரில்

வாங்கம்மா, உட்காருங்க. நீங்க ஜன்னல் பக்கம் போங்க, நான் இந்தப் பக்கமே இருந்துக்கிறேன். இல்லல்ல, மரியாதைக்குச் சொல்லல. எனக்கு ஜன்னல் சீட்டு கூடாது. இன்னும் ஏழு வாரத்துக்குக் கூடாது. முட்டி வலியா? அது இருக்கு, ஆனா இது அதுக்கில்ல, தண்டனை. பிள்ளைங்க குடுத்த தண்டனை. சிரிக்காதீங்க, சொல்றேன். எங்க இறங்கணும் நீங்க? ஈசூனா? நானும் அங்கதான். அப்ப நிதானமாவே சொல்லலாம்.

ஊர்லேர்ந்து வந்திருக்கீங்க, இல்ல? பஸ் அட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கீங்களே, அதுல தெரிஞ்சுது. மகன் வீட்டுக்கா? நல்லா இருக்கட்டும். என்னது, லைசென்ஸ் எடுத்திருக்கானா? போன மாசமா? அட, அப்ப நீங்க இதைக் கேட்டே ஆகணும். உங்க மகனுக்குப் பதிமூணுதாம்மா. முதல் வருஷம் பதிமூணு சேர்ந்துச்சுன்னா லைசென்ஸைப் பிடுங்கிருவாங்க. மறுபடி அரிச்சுவடியிலேர்ந்து பரீட்சை எழுதணும். பழைய ஆளுங்களுக்கு இருபத்துநாலு. எங்க வீட்டுக்காரருக்கு இருபத்துநாலு. அவர் முப்பத்தோரு வருஷமா ஓட்டுறார்.

எதுலயா? பாயிண்ட்டும்மா, பாயிண்ட். நானும் மொதல்ல உங்களை மாதிரிதான் முழிச்சேன். கடையில சாமான் வாங்கினா பாயிண்ட் ஏறும், ஏறினா ஒரு டப்பா எண்ணெய் குடுப்பான், நல்லதுதானேன்னு இருந்தேன். இது அது இல்ல. இது ஏற ஏற ஆபத்து. ரோட்டுல ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கணக்கு இருக்கு. சின்னத் தப்புக்கு மூணு, பெரிய தப்புக்குப் பன்னிரண்டு. ரெண்டு வருஷத்துக்குள்ள இருபத்துநாலு சேர்ந்தா, பன்னிரண்டு வாரத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது. ஆனா ஒண்ணு, இவங்க நல்லவங்க. ஒரே ஒரு வருஷம், பன்னிரண்டு மாசம், ஒரு தப்பும் பண்ணாம ஓட்டிட்டா எல்லாத்தையும் அழிச்சிருவாங்க. சுத்தமா, பிறந்த பிள்ளை மாதிரி.

எங்க வீட்டுக்காரர் பேரு தணிகாசலம். இதே பஸ்லதான், மேல் மாடியில உட்காந்திருக்கார். எனக்குப் படி ஏற முடியாது, அதனால நான் கீழ. மேல முன் சீட்டுல உட்காந்தா முழு ரோடும் தெரியும்ல, டிரைவர் தலைக்கு நேர் மேல. இந்நேரம் காலால பிரேக் போட்டுக்கிட்டு இருப்பார். சொந்தமா மினிபஸ் வச்சிருக்கோம். பள்ளிக்கூடப் பிள்ளைங்களை ஏத்தி இறக்குற வேலை. அவர் டிரைவர், நான் ஆன்ட்டி. பதிமூணு பிள்ளைங்க. ஒவ்வொண்ணுக்கும் நான்தான் பெல்ட்டு மாட்டி, டக்குன்னு சத்தம் கேட்டாத்தான் அடுத்த சீட்டுக்கே போவேன். பெல்ட்டு விஷயத்துல நான் ரொம்பக் கறார், தெரியுமா? சும்மா சொல்லல, பிள்ளைங்களோட அப்பா அம்மாவே சொல்லுவாங்க.

நல்ல டிரைவர்தாம்மா அவர். ஆனா சொன்னதைக் கேக்குற மனுஷன். அதுதான் அவர்கிட்ட குறை.

மொத மூணு பாயிண்ட் எப்படி வந்துச்சுன்னா, போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்குத் தேக்கா மார்க்கெட்டுல பூ வாங்கப் போனோம். நிறுத்த இடமே இல்ல. ஆளுங்க கடந்து போற கோடு இருக்குல்ல, அது மேல நிறுத்தினார். நான்தான், "ஒரே நிமிஷம், இறங்கி வாங்கிட்டு வந்துர்றேன்"ன்னேன். ஒரே நிமிஷம்தான் ஆச்சு, கனகாம்பரம் முழம் என்ன விலைன்னு கேட்டதுக்கு இன்னும் கொஞ்சம் ஆச்சு. அவருக்கு யோசனை வேணாமா, இங்க நிறுத்தலாமான்னு?

அடுத்தது ஆறு. வேகம். ஒரு நாள் விரைவுச்சாலையில போறப்ப எனக்கு திடீர்னு பகீர்னு ஆயிருச்சு. அடுப்புல பருப்பு வச்சோமே, அணைச்சோமா இல்லையா? "ஐயோ வீடு எரியுதுங்க, அழுத்துங்க"ன்னு கத்தினேன். அழுத்தினார். கேமரா பிடிச்சிருச்சு. வீட்டுக்குப் போய்ப் பார்த்தா அடுப்பு அணைஞ்சுதான் இருந்தது. நான் அணைச்சிருக்கேன் பாருங்க, எவ்வளவு கவனம்!

அப்புறம் பன்னிரண்டு. அதைத்தான் என்னால தாங்கவே முடியல. சித்திரை ஒண்ணு, வருஷப் பிறப்பு. நல்ல நேரம் பத்தரையோட முடியுது, அதுக்குள்ள கோவில்ல கால் வைக்கணும். முச்சந்தியில விளக்கு மஞ்சளுக்கு மாறுது. இவர் காலை பிரேக்குல வைக்கிறார். "மஞ்சள்தான், போங்க போங்க"ன்னேன். போனார். நான் சொன்ன நேரத்துல அது மஞ்சள்மா. அவர் போன நேரத்துல சிவப்பு. அதுக்கு நான் என்ன பண்றது?

மூணும் ஆறும் ஒம்பது, பன்னிரண்டு சேர்ந்தா இருபத்தொண்ணு. இன்னும் மூணே மூணு. ஒரு மூணு விழுந்தா வண்டி நின்னுரும். எங்களுக்கு வேற பொழப்பு கிடையாதும்மா. அவருக்கு வேற வேலை தெரியாது, வேற பேச்சும் தெரியாது. ஞாயித்துக்கிழமை சும்மா உட்காரச் சொன்னா வண்டியைத் துடைச்சுக்கிட்டு இருப்பார்.

அன்னைக்கு ராத்திரியே முருகன் படத்துக்கு முன்னாடி வேண்டிக்கிட்டேன். "முருகா, அடுத்த சித்திரை ஒண்ணு வரைக்கும் இவரைக் காப்பாத்து. உனக்குப் பால்குடம் எடுக்கிறேன்"ன்னு மஞ்சள் துணியில காசு முடிஞ்சு வச்சேன். முருகனை நம்பி சும்மா இருக்க முடியுமா? மறுநாள்லேர்ந்து நானே முன் சீட்டுல ஏறி உட்காந்துட்டேன். பிள்ளைங்க இல்லாத நேரத்துலயும் கூடவே போவேன். அவர் பெட்ரோல் போடப் போனாலும் போவேன். "நாப்பது தாண்டுது." "அந்த மோட்டார் சைக்கிளைப் பாருங்க." "மஞ்சள், நிறுத்துங்க." நாள்காட்டியில ஒவ்வொரு தாளா கிழிச்சு எண்ணுவேன். போன் வந்தா நான்தான் எடுப்பேன். ஒரு நாள் "சிவப்பு!"ன்னு அலறினேன், மனுஷன் ஒரே மிதி மிதிச்சு நிறுத்தினார். பார்த்தா விளக்கு பச்சை. ஒரு கடைக்குப் போட்டிருந்த சிவப்புத் துணிப் பந்தல். பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்ச அடி இருக்கே, அப்பப்பா! பிள்ளைங்க ரெண்டு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுதுங்க.

அதுங்களுக்கும் பாயிண்ட் பைத்தியம் பிடிச்சிருச்சு, தெரியுமா? நான்தான் ஆரம்பிச்சு வச்சேன். ஓடுற வண்டியில எந்திரிச்சா மூணு. பக்கத்துப் பிள்ளையோட சாப்பாட்டைப் பிடுங்கினா ஆறு. பெல்ட்டைக் கழட்டினா பன்னிரண்டு. இருபத்துநாலு வந்தா பன்னிரண்டு வாரத்துக்கு ஜன்னல் சீட்டு கிடையாது. வெய் லிங்னு ஒரு சீனப் பிள்ளை, ஏழு வயசு, அதுதான் கணக்கு எழுதும். பென்சிலும் நோட்டுமா வச்சுக்கிட்டு, பெரிய நீதிபதி கெட்டார் போங்க.

இப்படியே முன்னூத்தறுபத்திரெண்டு நாள் போச்சும்மா. ஒரு பாயிண்ட் இல்ல. இன்னும் மூணு நாள். மூணே நாள்.

இந்த வருஷம் பாருங்க, பங்குனி உத்திரம் சித்திரை ஒண்ணுக்கு மூணு நாள் முன்னாடி வந்துருச்சு. நான் பால்குடத்துக்குப் பேர் குடுத்துட்டேன். இவர் சொல்றார், "அம்சா, வேண்டுதல் முடிஞ்ச பிறகுதானே குடம் எடுக்கணும்? இன்னும் மூணு நாள் இருக்கே." நான் விடுவேனா? "பங்குனி உத்திரம் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? ஒரு வருஷத்தைக் காப்பாத்தின முருகனுக்கு மூணு நாள் பெரிசா?"ன்னேன்.

காலைல எட்டு மணி. மஞ்சள் புடவை கட்டி, எங்க வீட்டுப் பித்தளைக் குடத்தைத் தேய்ச்சுப் பளபளன்னு வச்சு, குடத்துக் கழுத்துல மாலை, மேல மாவிலை, சுத்திக் கதம்பம். நானே உட்காந்து மூணு மணி நேரமா அலங்காரம் பண்ணினது. பாலைக் கோவில்ல ஊத்திக்கலாம்னு வெறும் குடத்தை மடியில வச்சுக்கிட்டு முன் சீட்டுல உட்காந்தேன். "பெல்ட்டு போடு"ங்கிறார். எப்படிப் போடறது? குறுக்க இழுத்தா மாலை நசுங்கிரும். "ஏழு நிமிஷத்துல கோவில், எடுங்க"ன்னேன். மறுபடி "பெல்ட்டு"ங்கிறார். "சாமி குடம் மடியில இருக்கு"ன்னேன். மூணாவது தடவை, "நீ பெல்ட்டு போடாம நான் வண்டியை எடுக்க மாட்டேன்"ங்கிறார். "நல்ல காரியத்துக்குக் கிளம்புறப்ப அபசகுனமாப் பேசாதீங்க!"ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். எடுத்துட்டார்.

நீங்களே சொல்லுங்க. மூணு தடவை சொன்ன மனுஷன் நாலாவது தடவை சொல்லக்கூடாதா?

கோவிலுக்கு முந்தின முனையில வெள்ளை மோட்டார் சைக்கிள் ஒண்ணு நின்னுச்சு. மாத்தா. இங்க போலீசை அப்படித்தான் சொல்லுவோம். கையைக் காட்டி ஓரமா நிறுத்தச் சொன்னார். எனக்கு என்ன தோணுச்சுன்னா, சாமி குடம் போகுது, வழி விட்டு அனுப்பி வைக்கப் போறார் போலன்னு. நான் சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டினேன். சின்ன வயசு மலாய்ப் பிள்ளை, கண்ணாடியைக் கழட்டிட்டு குனிஞ்சு பார்த்தார். குடத்தைப் பார்த்தார். என் தோளைப் பார்த்தார். அப்பத்தாம்மா எனக்குப் பெல்ட்டு ஞாபகமே வந்துச்சு.

முன்னாடி உட்காந்த ஆள் பெல்ட்டு போடலன்னா எனக்குத் தனி அபராதம். அது போகட்டும். ஆனா ஓட்டுறவருக்கு மூணு பாயிண்ட். உட்காந்தவங்க போட்டாங்களான்னு பார்க்க வேண்டியது ஓட்டுறவராம். இருபத்தொண்ணும் மூணும் இருபத்துநாலு.

நான் கதவைத் திறந்து இறங்கிட்டேன், குடத்தோட. எனக்குத் தெரிஞ்ச மலாய்ல கெஞ்சினேன். "தம்பி, அவர் மூணு தடவை சொன்னார்ப்பா, நான்தான் கேக்கல. அந்த மூணை என் பேர்ல எழுதிரு. இன்னும் மூணு நாள்தான் இருக்கு"ன்னு. அந்தப் பிள்ளை பொறுமையா, ஆன்ட்டின்னு மலாய்ல கூப்பிட்டு, "மாக்சிக், உங்களுக்கு லைசென்ஸ் இருக்கா?"ன்னு கேட்டுச்சு. இல்லன்னேன். "அப்ப உங்க பேர்ல எழுத இடமே இல்லையே"ன்னுச்சு. கிண்டலா இல்லம்மா, நிஜமாவே வருத்தமாச் சொல்லுச்சு.

இவர் ஒரு வார்த்தை என்னைச் சொல்லணுமே. ஊஹும். "ஓட்டுறவன் நான், என் தப்புதான் சார்"ன்னு லைசென்ஸ் அட்டையை எடுத்துக் குடுத்தார். எல்லாம் எழுதி முடிஞ்சு அந்தப் பிள்ளை போன பிறகு, என்னை ஏறி உட்காரச் சொன்னார். குனிஞ்சு பெல்ட்டை இழுத்தார். ஒரு கையால மாலையைத் தூக்கிப் பிடிச்சு, இன்னொரு கையால குடத்துக்குக் கீழால விட்டு, மெதுவா மாட்டினார். டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. ஒரு பூ நசுங்கல. ஒரு இதழ்கூட உதிரல. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, இப்படிப் போட்டிருக்கலாமேன்னு. அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. அவர், "பொட்டு கலையுது பாரு"ன்னார், அவ்வளவுதான்.

குடம் எடுத்தேன், எடுக்காம? வழியெல்லாம் முருகனைத் திட்டிக்கிட்டே எடுத்தேன். "உனக்கு மூணு நாள் பொறுக்கலையா? உனக்குத்தானே கொண்டு வந்தேன்?" பக்கத்துல வந்த அம்மா நான் ஏதோ ஸ்லோகம் சொல்றேன்னு நினைச்சு, எனக்கும் சொல்லிக் குடுங்கன்னு கேட்டாங்க!

பன்னிரண்டு வாரம் நிறுத்தி வச்சுட்டாங்க. பள்ளிக்கூட ஓட்டத்துக்கு வேற டிரைவர் போட்டிருக்கோம். சம்பளம் போக கையில ஒண்ணும் மிஞ்சாது, ஆனா பிள்ளைங்களை விட்டுற முடியுமா? மொத நாள் வெய் லிங் கேட்டுச்சு, "அங்கிள் எங்க?" லீவுன்னேன். விடுமா அது? "எதுக்கு லீவு? எத்தனை நாள்?" பன்னிரண்டு வாரம்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். நோட்டை எடுத்திருச்சு! "அப்ப இருபத்துநாலு. அங்கிள் என்ன பண்ணினார்?" பெல்ட்டுன்னேன். "அங்கிள் எப்பவும் பெல்ட்டு போடுவாரே. யார் போடல?" பதிமூணு பிள்ளையும் என்னையே பார்க்குதுங்க. அதுங்களே பேசி முடிவு பண்ணிருச்சுங்க. அங்கிளுக்கு எத்தனை வாரமோ ஆன்ட்டிக்கும் அத்தனை வாரம் ஜன்னல் சீட்டு கிடையாது. எந்த பஸ்லயும் கிடையாது, எம்ஆர்டி ரயில்லயும் கிடையாது. யாரும் பார்க்கலன்னாலும் கூடாதுன்னு வெய் லிங் சொல்லியிருக்கு. அதான்மா நீங்க அங்க, நான் இங்க.

அதெல்லாம் சிரிப்புதான். ஆனா அவர் இருக்காரே, இன்னமும் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறார். கீழ கார் நிறுத்துற இடத்துக்குப் போய் வண்டியைத் துடைக்கிறார். அப்புறம் டிரைவர் சீட்டுல ஏறி, வண்டியைக் கிளப்பாம, பெல்ட்டு மட்டும் போட்டுக்கிட்டு உட்காந்திருக்கார். அந்த டிரைவர் வந்தா இறங்கிச் சாவியைக் குடுத்துர்றார். நான் வீட்டு ஜன்னல் வழியா அதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். ஒரு நாளாவது, "உன்னாலதான்டி"ன்னு ஒரு கத்து கத்தினா நானும் பதிலுக்கு நாலு கத்து கத்தி ஆத்திப்பேன். கத்த மாட்டேங்கிறாரே!

யோசிச்சேன். அந்த மாத்தா பிள்ளை சொன்னதுதான் மண்டையில ஓடுது, எழுத இடமில்லன்னு. சரி, இடம் உண்டாக்கிருவோம்னு முடிவு பண்ணிட்டேன். அம்பத்தஞ்சு வயசுல லைசென்ஸ் எடுக்கப் போறேம்மா. என்ன சிரிக்கிறீங்க? எனக்கு ஒரு பதிமூணு, அவருக்கு ஒரு இருபத்துநாலு, வீட்டுக்கு மொத்தம் முப்பத்தேழு ஆச்சுல்ல? நான் வண்டியில இருக்கிறப்ப வர்றது என் கணக்கு, நான் இல்லாதப்ப வர்றது அவர் கணக்கு. அப்படிப் பிரிக்க முடியாதுன்னு என் மக சொல்றா. அவளுக்கு என்ன தெரியும்.

ஒரு மாசமா ராத்திரி பகலா அந்தப் புஸ்தகத்தைப் படிச்சேன். தமிழ்லயே எழுதலாம். இன்னைக்குத்தான் எழுத்துப் பரீட்சை. அதை முடிச்சுட்டுத்தான் வர்றோம். கம்ப்யூட்டர்ல கேள்வி வரும், சரியானதைத் தொட்டாப் போதும். அம்பது கேள்வி. நாப்பத்தஞ்சு சரியா இருந்தாத்தான் பாஸ். கடகடன்னு தொட்டுக்கிட்டே போனேன். ஒண்ணு ரெண்டு சந்தேகம்தான், மத்ததெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு.

நாப்பத்தெட்டாவது கேள்வி. முன்னாடி உட்காந்த பயணி பெல்ட்டு போடல. குற்றப்புள்ளி யாருக்கு? ஓட்டுநருக்கு, பயணிக்கு, வண்டிச் சொந்தக்காரருக்கு, யாருக்கும் இல்ல.

எனக்குத் தெரியாதாம்மா? இந்த ஊர்ல என்னை விட அது யாருக்கு நல்லாத் தெரியும்? ஓட்டுநர்ங்கிற எழுத்து மேல விரலைக் கொண்டு போனேன். அந்தத் திரை முழுக்க அவர் குனிஞ்சு பெல்ட்டு மாட்டின முகமே தெரியுது. விரல் போக மாட்டேங்குது. இவர் தப்பில்லன்னு எங்கயாவது ஒரு இடத்துல நான் எழுதணும்லம்மா? பயணிக்குன்னு தொட்டுட்டு வந்துட்டேன்.

நாப்பத்திநாலு. ஒண்ணுல போச்சு.

அடுத்த நிறுத்தம்தான் நம்மது, பெல் அடிச்சிடுங்க, உங்க பக்கத்துலதான் இருக்கு. இதோ படியில இறங்குறார் பாருங்க, நீலச் சட்டை. கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வர்றார், எவ்வளவு கவனம்! அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்கம்மா, புண்ணியமாப் போகும். கேள்வி ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்.